சொற்குறிப்பு: உடற்கல்வியில் 'வெர்பல் கியூ'

பந்தெறியப் பழகும் குழந்தையிடம் ஆசிரியர் "பக்கம் திரும்பு, அடி வை, எறி" என்கிறார். எறியும் அசைவில் எங்கே கவனம் வேண்டுமோ, அங்கங்கே ஒரு சிறு சொல். உடற்கல்வியில் வெர்பல் கியூ என்பது இதுதான்.

வெர்பல் என்றால் சொல்லால் ஆனது. கியூ நாடக மேடையிலிருந்து வந்த சொல். ஒரு நடிகர் பேசி முடிக்கும் கடைசிச் சொற்கள்தான் அடுத்தவர் பேசவோ மேடையேறவோ அடையாளம். அதற்குக் கியூ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருளில் வழங்கியது. 'எப்போது' என்று பொருள்படும் லத்தீன் 'குவாண்டோ'வின் முதலெழுத்தை நடிகர்களின் பிரதியில் குறித்து வைத்ததிலிருந்து பிறந்தது என்பது பரவலான விளக்கம். கடை வாசலில் நிற்கிற கியூ வேறு. அது வாலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்.

சரி, ஏன் இவ்வளவு சுருக்கம்? திறன் கற்றலை மூன்று கட்டங்களாக உளவியலாளர்கள் ஃபிட்ஸும் போஸ்னரும் 1967இல் விளக்கினார்கள். முதல் கட்டத்தில் கற்பவர் ஒவ்வோர் அசைவையும் யோசித்தே செய்கிறார். அந்த நேரத்தில் நீண்ட விளக்கம் கொடுத்தால் காதில் விழும், உடலில் இறங்காது. ஒரு முறைக்கு ஒன்றிரண்டு குறிப்புகளே போதும்.

எதைச் சொல்கிறோம் என்பது இன்னும் முக்கியம். கேப்ரியல் வுல்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பாதத்தில் கவனம் வைத்தவர்களைவிட, பாதத்துக்குக் கீழே இருந்த சக்கரங்களில் கவனம் வைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். அதனால் உயரம் தாண்டுபவரிடம் "முழங்காலை நீட்டு" என்பதைவிட "தரையைத் தள்ளு" என்பதே நல்ல கியூ என்பேன்.

தமிழில் இதைக் கட்டளை என்று எழுதுவது பொருந்தாது. கட்டளை பணியச் சொல்கிறது. கியூ கவனத்தைத் திருப்புகிறது. சைகை கையாலோ கண்ணாலோ காட்டுவது. குறிச்சொல்லை இணையம் ஏற்கெனவே வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டது. நெருங்கி வருவது குறிப்பு. ஆனால் திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் உள்ள இரண்டு அதிகாரங்களிலும் (71, 110) குறிப்பு என்பது வாய் சொல்லாமல் முகமும் பார்வையும் காட்டிக்கொடுப்பது. அதனால்தான் முன்னால் 'சொல்' சேர வேண்டும்: சொற்குறிப்பு. அப்புறம், செய்துகாட்டுவதைக் காட்சிக்குறிப்பு என்றும், தோளைத் தொட்டுத் திருப்புவதைத் தொடுகுறிப்பு என்றும் அதே வழியில் அழைக்கலாம்.