பிரதிபலிப்பான் வேண்டாம், குழிவாடி போதும்

பழைய சினிமாப் புறொஜெக்ரர் பற்றித் தமிழில் வருகிற குறிப்புகளில், விளக்குக்குப் பின்னால் நிற்கும் கிண்ணம் போன்ற கண்ணாடிக்குத் தப்பாமல் 'பிரதிபலிப்பான்' என்று பெயர் விழுகிறது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதுகிறவர்களை எனக்கு விளங்கவே இல்லை.

இதன் ஆங்கில மூலமான 'றிஃபிளெக்ரர்' லத்தீன் வழி வந்தது. பின்னோக்கி வளைப்பது என்பது வேர்ப்பொருள். வடமொழியில் பிரதிபலித்தலுக்கு ஒளி திரும்புதல் என்ற பொருள் உண்டுதான். தமிழில் பிரதிபலன் என்றால் கைமாறு. பிரதிபலிப்பு என்றால் மக்கள் உணர்வு, தேர்தல் முடிவு. எங்கள் பாடநூல்களோ ஒளிக்குத் 'தெறிப்பு' என்று அழகாகச் சொல்கின்றன. படுகதிர், தெறிகதிர், தளவாடி (தட்டைக் கண்ணாடி), குழிவாடி (உட்குழிந்த கண்ணாடி) எல்லாம் சாதாரணதரம் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆடி என்றால் கண்ணாடி; அதில் தெரியும் உருவமான 'ஆடிப்பாவை' குறுந்தொகையிலேயே இருக்கிறது. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்கு இந்தச் சுற்று? தமிழ்நாட்டு 'எதிரொளிப்பான்' தமிழ்ச்சொல்தான். ஆனால் ஒளியும் ஒலியும் ஒன்றாக ஓடுகிற இயந்திரத்தில் 'எதிரொலிப்பான்' என்று ஓர் எழுத்து மாறினால் போதும், கதை கெட்டுவிடும்.

தூய்மையை விடுங்கள், தெளிவைப் பாருங்கள். சைக்கிள் மட்காட்டில் இருக்கும் சிவப்புத் துண்டும் றிஃபிளெக்ரர்தான். அது வந்த ஒளியை வந்த பக்கமே அனுப்புகிறது, அவ்வளவுதான். அதைத் தெறிப்பான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இரண்டு காபன் கோல்களுக்கு இடையே மின்சுடர் எரியும் காபன் வில் விளக்கின் ஆடி செய்வது வேறு வேலை. அது நீள்வளைய வடிவக் குழிவாடி, அதற்குக் குவியம் எனப்படும் புள்ளிகள் இரண்டு: ஒரு குவியத்தில் காபன் கோல்களின் சுடர் நிற்க, மறு குவியத்தில், ஃபிலிம் ஓடும் வாயிலில், ஒளியைத் திரட்டுகிறது. கோல் எரிந்து குறையக் குறைய அதை முன்தள்ளிச் சுடரைக் குவியத்திலேயே வைத்திருக்க வேண்டும். தவறினால் திரையின் வெளிச்சம் கெடும். 16 மில்லிமீற்றர் மெசினில் தங்குதன் குமிழுக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கோள ஆடி, ஒளியை இழைக்கே திருப்பி இழைகளின் இடைவெளியை நிரப்புகிறது. ஆடி என்றால்தான் வளைவும் குவியமும் நினைவுக்கு வரும். 'பிரதிபலிப்பான்' ஒன்றையும் சொல்லவில்லை.

துடைக்கிற இடத்திலும் இதே சிக்கல்தான். 'பிரதிபலிப்பானைத் துடைக்கவும்' என்று ஒரே வரியில் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். பழைய வில் விளக்கு ஆடிகளில் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு கண்ணாடியின் முதுகில். கோலின் செப்புத் துளிகள் தெறித்து முகத்தில்தான் குழி விழும். ஒளியைத் திருப்பி வெப்பத்தைப் பின்னால் கடத்திவிடும் குளிராடியில் பூச்சு முகத்திலேயே இருக்கிறது. முரட்டுத் துணி பட்டால் பூச்சே போய்விடும். முதுகுப்பூச்சாடி, முகப்பூச்சாடி என்று பிரித்து எழுத எவ்வளவு நேரம் போகும்?

குமிழையும் விளக்கையும் குழப்புவது இதைவிட மோசம். விளக்கு என்பது முழுக்கூடு. குமிழ் அதற்குள் இருப்பது. 'விளக்கு ஆறிய பின் கையாளலாம்' என்று எழுதுகிறவர், செனன் வாயு அடைத்த குமிழுக்குள் ஆறிய பிறகும் வளிமண்டலத்தைப்போல் பல மடங்கு அமுக்கம் இருப்பதையும், முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும்.