தணுப்புக்கு ஒரு ஹீட்டர்: தக்கலையிலிருந்து ஒரு கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரூம் ஹீட்டர் வாங்கிய ஆள் யாரையும் நான் பார்த்ததில்லை. மார்கழி விடியலில்கூட நாகர்கோவிலில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். கீரிப்பாறை, மாறாமலை எஸ்டேட் பக்கம் போனால்தான் ராத்திரி கம்பளி தேட வேண்டும். ஆனால் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன பிள்ளை இல்லாத தெரு எங்கள் பக்கம் குறைவு. அப்படி இங்கிலாந்துக்குப் போய் யார்க்ஷயரில் வேலை பார்க்கிற என் அக்கா மகள் ஒரு ஜனவரி ராத்திரி போன் செய்தாள்.

"மாமா, இங்க தணுப்பு தாங்க முடியல. கேஸ் பில்லும் கூடிப்போச்சு. ரூமுக்கு மட்டும் ஒரு கரண்ட் ஹீட்டர் வாங்கினா பில்லு குறையும்னு கூட வேல பாக்குறவங்க சொல்லுறாங்க. வாங்கட்டா? எண்ணெய் ஊத்துனது நல்லதா, பேன் வச்சதா?"

ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவனிடம் இப்படிக் கேட்டால் சும்மா இருப்பானா? இரண்டாவது கேள்வி சுலபம் என்பதால் அதிலிருந்தே ஆரம்பித்தேன்.

எந்த ஹீட்டராக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். மின்தடை அதிகமுள்ள ஒரு பொருளின் வழியாகக் கரண்ட் போகிறது. ஓடுகிற எலக்ட்ரான்கள் அங்கிருக்கும் அணுக்களில் மோதுகின்றன, அணுக்கள் அதிர்கின்றன, அந்த அதிர்வைத்தான் நாம் சூடு என்கிறோம். பெரும்பாலும் அந்தப் பொருள் நிக்ரோம் கம்பி. நிக்கல் ஏறக்குறைய 80 பங்கு, குரோமியம் 20 பங்கு. அமெரிக்காவின் ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண இரும்புக் கம்பியைச் செக்கச்செவேலென்று காய்ச்சினால் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் அதை அரித்துத் தின்றுவிடும். நிக்ரோமில் குரோமியம் முந்திக்கொண்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்லிய தோல் போலக் கம்பியை மூடிவிடுகிறது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குள் இருப்பதும் இந்த ஜாதிக் கம்பிதான்.

கம்பிக்குள் போன கரண்ட் முழுவதும் சூடாகிவிடுகிறது. பேன் வைத்த ஹீட்டரில் பேன் தின்கிற கரண்டும், காற்றைத் தள்ளி, அந்தக் காற்று சுவரில் உரசி, கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. ஆகவே விலை குறைந்த ஹீட்டரும் விலை கூடிய ஹீட்டரும் ஒரு யூனிட் கரண்டுக்கு (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) தருவது சரியாக 860 கிலோகலோரி. 'இது 100 சதவீதத் திறன்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் பொய்யில்லை, பெருமையுமில்லை. 'சுவரில் செருகும் குட்டி ஹீட்டர், இரண்டே நிமிடத்தில் வீடு முழுக்கக் கதகதப்பு' என்று ஒரு விளம்பரம் செல்போனில் வருகிறதே, அது 400 வாட்டோ 500 வாட்டோதான் இருக்கும். அதற்கு மேல் ஒரு சொட்டுச் சூடு அதிலிருந்து வராது.

860 கிலோகலோரி என்றால் எவ்வளவு? ஒரு டன் தண்ணீரை ஒரு டிகிரிகூட முழுதாக ஏற்ற முடியாது, 0.86 டிகிரிதான். இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். கோதையாற்றில் மலைமேலிருந்து தண்ணீரை விழவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள். முதல் மின்நிலையம் 60 மெகாவாட், இரண்டாவது 40. ஒரு டன் தண்ணீரிலிருந்து ஒரு யூனிட் எடுக்க வேண்டுமானால், வழியில் எதுவுமே வீணாகாவிட்டாலும், அது 367 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். அப்படிக் கஷ்டப்பட்டு எடுத்த யூனிட்டை அதே தண்ணீரைச் சுடவைக்கச் செலவழித்தால் ஒரு டிகிரிகூடத் தேறாது. ஆங்கிலேய விஞ்ஞானி ஜேம்ஸ் ஜூல் 1845-ல் நயாகராவுக்கு இதே மாதிரி கணக்குப் போட்டார்: 160 அடி விழுகிற தண்ணீர், அடியில் போய்ச் சேரும்போது பாரன்ஹீட்டில் ஐந்தில் ஒரு டிகிரி சூடேறியிருக்கும். நம் திற்பரப்பு அருவி ஏறக்குறைய 50 அடி. அதன் கணக்கு செல்சியஸில் முப்பதில் ஒரு டிகிரி. குளிக்கிறவர் பல் கிட்டுவதில் எந்த மாற்றமும் இருக்காது.

கரண்டைத் தின்பதில் சூட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று சொல்லத்தான் இத்தனையும். ஒரு யூனிட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு 111 மணி நேரம் எரியும். 2000 வாட் ஹீட்டர் அரை மணி நேரத்தில் அதைத் தீர்த்துவிடும்.

எல்லாம் ஒன்றுதான் என்றால் எதற்கு இத்தனை வகை? சூட்டின் அளவு ஒன்று, அது போய்ச்சேரும் இடம் வேறு. அவள் ரூம் 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்றின் எடை 35 கிலோதான். அதைப் பத்து டிகிரி ஏற்ற யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். 2000 வாட் பேன் ஹீட்டர் மூன்றே நிமிடத்தில் செய்துவிடும். ஆனால் சுவரும் கட்டிலும் அலமாரியும் இன்னும் குளிர்ந்தே கிடக்கின்றன. அவை காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஹீட்டரை அணைத்தால் கொஞ்ச நேரத்தில் பழைய கதை.

எண்ணெய் ஹீட்டரில் எண்ணெய் எரிவதில்லை, குறைவதும் இல்லை. அது சூட்டை வாங்கி வைத்திருந்து மெதுவாக விடுகிறது, அவ்வளவுதான். கனமான தோசைக்கல் மாதிரி. சூடாக நேரமாகும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தரும். சிவப்பாக எரிகிற ஹாலஜன் வகை காற்றைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. வெயில் போலக் கதிராக வந்து நேராக உடம்பில் படும். எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குச் சுகம், நகர்ந்தால் போச்சு. மேசையில் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இதுதான் லாபம், ஏனென்றால் 400 வாட்டிலேயே வேலை முடிந்துவிடும்.

இனி முதல் கேள்வி. பில் குறையுமா?

அவள் இருப்பது மூன்று பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீடு. கேஸில் எரிகிற பாய்லர் வெந்நீரைக் குழாய் வழியாக ஒவ்வொரு ரூம் ரேடியேட்டருக்கும் அனுப்பும். இவள் நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்குகிறாள். மற்ற இருவரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஒரு ஆள் தூங்க ஒரு வீடே சூடாகிறது. ஹீட்டர் வாங்கச் சொன்னவர்கள் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு வீடு சூட்டை இழக்கும் வேகம், உள்ளே இருக்கும் வெப்பநிலைக்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 3 டிகிரி, உள்ளே 19 என்றால் வித்தியாசம் 16. உள்ளே 16-ஆகக் குறைத்தால் வித்தியாசம் 13. இழப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஓட்டை வாளியில் தண்ணீர் மட்டம் உயர உயர ஒழுக்கு கூடுமே, அதே கதை. (எங்கள் பழைய ஓட்டு வீடுகள் இதற்கு நேர் எதிர். சூடு வெளியே போவதற்கென்றே கட்டியவை. அங்கே ஹீட்டர் வைத்தால் ஊர்க் காக்காய்தான் குளிர் காயும்.)

அந்த வீடு முழுவதும் 19 டிகிரியில் இருக்க மணிக்கு 5 யூனிட் சூடு வேண்டும், அவள் ரூமுக்கு மட்டும் என்றால் 1 யூனிட் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் ஒரு யூனிட் கரண்டின் விலை, அதே ஒரு யூனிட் சூடு அடங்கிய கேஸின் விலையைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு. கேஸ் யூனிட்டை ஒரு ரூபாய் என்று கொண்டால் கரண்ட் நாலு ரூபாய். பாய்லர் எரிக்கிற கேஸில் பத்தில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போய்விடும். அதனால் முழு வீட்டுக்கும் மணிக்கு ஐந்தரை ரூபாய். பாய்லரை அணைத்துவிட்டு ஹீட்டரை மட்டும் போட்டால் நாலு ரூபாய். ஒன்றரை ரூபாய் மிச்சம்.

ஆனால் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் பாய்லரை அணைத்தாக வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான். ஹாலில் இருக்கும் தெர்மோஸ்டாட்டை (ஹாலின் சூட்டைப் பார்த்து பாய்லரைப் போட்டு அணைக்கிற கருவி) இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிட்டு, ரூமில் ஹீட்டரையும் ஓட்டுவார்கள். அப்போது கேஸில் மிச்சமான ஒரு ரூபாயைக் கரண்ட் வாங்கிக்கொண்டு போய்விடும், சில சமயம் கூடுதலாகவே. கேஸ் இல்லாமல் முழுக்கக் கரண்ட் ஹீட்டரிலேயே சூடாக்குகிற வீடு என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அங்கே ஆளிருக்கும் ரூமை மட்டும் சூடாக்குவது எப்போதும் லாபம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "மக்ளே, உன் ரேடியேட்டர் ஓரத்துல நம்பர் போட்ட ஒரு குமிழ் இருக்கா பாரு" என்றேன். போய்ப் பார்த்து வந்தாள். 1 முதல் 5 வரை இருந்ததாம். அதுவரை அதைத் தொட்டதே இல்லையாம்.

அந்தக் குமிழுக்குள் மெழுகோ திரவமோ அடைத்த ஒரு சின்னக் குப்பி இருக்கும். ரூம் சூடானால் அது விரிந்து ஒரு ஊசியை அழுத்தும், வெந்நீர் வரும் வழி அடையும். குளிர்ந்தால் சுருங்கும், வழி திறக்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். அவள் ரூமில் 3-லும், ஆளில்லாத ரூம்களில் 1-லும் வைத்தால் கேஸ் பெரும்பாலும் அவள் ரூமைத்தான் சூடாக்கும். ஹீட்டருக்கு நாலு ரூபாய் ஆகிற அதே ரூமுக்கு கேஸில் ஒன்றேகால் ரூபாய்க்குள் முடிந்துவிடும்; ஹாலுக்கும் மற்ற ரூம்களுக்கும் ஆகிறது தனி. மற்ற ரூம்களை அடியோடு மூடக் கூடாது, சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். தெர்மோஸ்டாட் இருக்கும் ஹாலின் ரேடியேட்டரைத் தொடக் கூடாது; ஹால் குளிர்ந்தே கிடந்தால் பாய்லர் நிற்காமல் எரியும்.

இதைவிடச் சூட்சுமமான ஒன்று நம் வீட்டு ஏ.சி.யிலேயே இருக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. ரூமிலிருந்து 5 கிலோவாட்டுக்கு மேல் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதற்கு அது வாங்கும் கரண்ட் ஒன்றரை கிலோவாட் அளவுதான். இதையே திருப்பிப் போட்டு, வெளிக்குளிரிலிருந்து சூட்டை அள்ளி உள்ளே கொட்டினால் அது ஹீட் பம்ப். ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். கம்பியைக் காய்ச்சி இந்தக் கணக்கை எட்டவே முடியாது. ஆனால் வாடகை வீட்டில் அதை வைப்பது வீட்டுக்காரர் கையில்.

அப்படியும் ஹீட்டர் வாங்குகிறவர்களுக்கு வயர்மேனாக ஒரு வார்த்தை. 230 வோல்ட்டில் 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்காக. பிளக் பின் லூசாக இருந்து அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை இருந்தாலே போதும், 40 வாட் அளவு சூடு அங்கே இறங்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சுவர் சாக்கெட்டுக்குள் அதைவிடப் பெரிய ஒன்றைச் சொருகி வைத்தது மாதிரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரைச் செருகக் கூடாது, சுருட்டி வைத்த வயரில் கூடவே கூடாது. திரை, மெத்தை, காயப்போட்ட துணி எல்லாம் மூன்று அடி தள்ளியே இருக்கட்டும். தூங்கும்போது அணைத்துவிட வேண்டும்.

அக்கா மகள் கடைசியில் வாங்கியது ஹீட்டர் இல்லை, மெத்தைமேல் விரிக்கிற மின்போர்வை. 100 வாட். எட்டு மணி நேரம் தூங்கினாலும் ஒரு யூனிட் ஆகாது.

எங்கள் ஊரில் இந்தக் கணக்கெல்லாம் குளியலறையில்தான். 15 லிட்டர் கீசரை 27 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல், 2000 வாட்டில் பதினேழு நிமிடம். அதற்குப் பிறகும் போட்டே வைத்தால், குழாயைத் திறக்காமலே டாங்க் வழியாகச் சூடு கசியக் கசிய அது மறுபடி மறுபடி காய்ச்சும். கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர அடையாளம் அளப்பதே இந்தக் கசிவைத்தான். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் ஒரு அளவு யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ஏறும். கீசர் தின்பது எப்போதும் மேல்படிக் கணக்கில்தான் விழும்.

அக்கா வீட்டில் விடியலில் போட்ட கீசரின் சிவப்பு லைட் ராத்திரி வரை எரியும். இதைச் சொன்னதும், "மகளுக்கு ஹீட்டர் வேண்டாம்னுட்ட, இப்ப எனக்கு கீசரும் வேண்டாமாக்கும்" என்று சண்டைக்கு வந்தாள். குளிப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைக்கச் சொன்னேன். இன்னும் சிவப்பு லைட் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.