பிள்ளையின் கையில் போன், போனுக்குள் வீட்டுக் கணக்கு

ஒரு காலத்தில் செல்போன் பில் என்றால் மாதக் கடைசியில் வீட்டுக்கு வரும் காகிதம். பிள்ளைகள் காலர் ட்யூன், கிரிக்கெட் ஸ்கோர் என்று எதையாவது அமுக்கி வைத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்பா சத்தம் போடுவார், அத்தோடு முடிந்தது. இந்த மாதிரி கூடுதல் சேவைகளை வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் வாங்காமல் தொடங்கக் கூடாது என்று 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டது. இப்போது பெரும்பாலான வீடுகளில் ப்ரீபெய்டுதான், பில்லே வருவதில்லை. ரீசார்ஜ் தீர்ந்தால் தானாக நின்றுவிடும், பிள்ளை போனில் பெரிதாக என்ன செலவாகிவிடப் போகிறது என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கிறார்கள். வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது. பில் நிற்கவில்லை, நேராகச் சேமிப்புக் கணக்குக்கே போய்விட்டது. பிள்ளை போனில் விளையாடும் கேமுக்குள் கட்டும் பணம் அங்கிருந்துதான் போகிறது.

நகைக்கடன் பணம் கணக்கில் ஏறியிருக்கும். ஸ்கூல் ஃபீஸ் கட்ட அதை எடுக்க வருவார்கள், பணம் இருக்காது. பாஸ்புக்கை மெஷினில் விட்டால் வரி வரியாக அச்சாகும். 80, 80, 240, 80, 400, 800, மறுபடி 80. ஒரே தேதியில் ஏழெட்டு வரிகள், எல்லாமே யுபிஐ. "யாரோ ஹேக் பண்ணிட்டாங்க சார்" என்பார் அந்த அம்மா. பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் நிற்பான். அம்மாவுக்காகப் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பியவனும் அவன்தான்.

அந்த வீட்டில் பணம் எப்படி நடமாடுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். அம்மாவுக்கு யுபிஐ போட்டுக் கொடுத்ததே மகன்தான். பின் நம்பரைத் தேர்ந்தெடுத்ததும் அவன், மளிகைக் கடையில் ஸ்கேன் பண்ணிக் கட்டுவதும் அவன். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியோ அதே போனுக்குத்தான் வருகிறது, ஏனென்றால் கணக்கோடு இணைத்த நம்பர் அதுதான். போதாக்குறைக்குச் சில வங்கிகள் சிறு தொகை யுபிஐ செலவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதையே நிறுத்திவிட்டன. எச்சரிக்கை மணி முழுக்கப் பிள்ளையின் கைக்குள் இருக்கும்போது 80 ரூபாய் 8,000 ஆவது யாருக்குத் தெரியும்?

கேம் நடத்தும் கம்பெனிக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். டைமண்ட், யூசி என்று பணத்துக்கு வேறு பெயர் வைத்த உடனே அது பணமாகத் தெரியாது. குலுக்கல் மாதிரிச் சுற்றவிட்டு, "இன்னும் ஒரு முறை சுற்றினால் அந்த ஸ்கின் (கேம் பாத்திரத்துக்கான அலங்காரம்) கிடைத்துவிடும்" என்ற இடத்தில் பிள்ளையை நிறுத்துவார்கள். பெரியவர்களே சமாளிக்கத் தடுமாறும் இடம் அது, பதினான்கு வயதுப் பிள்ளையைத் திருடன் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. அமெரிக்காவில் 2014-ல் இதே விவகாரத்தில், பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகள் செயலிகளுக்குள் செலவழித்த பணத்துக்காக, குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது, கூகுள் 1.9 கோடி. ஒருமுறை பாஸ்வேர்ட் போட்டால் அடுத்த 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காமலே ஆப்பிளில் வாங்க முடிந்தது என்பதுதான் அங்கே முக்கியக் குற்றச்சாட்டு. இங்கே பணம் கட்டி விளையாடும் ரம்மி வகைகளைத் தடை செய்ய 2025-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. டைமண்ட் வாங்கும் சாதாரண விளையாட்டுகளை அந்தத் தடை தொடாது.

சரி, போன பணம் திரும்பி வருமா? எங்கள் கம்ப்யூட்டரில் தெரிவது சரியான போன், சரியான பின். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ரகசிய எண்ணை நீங்களே ஒருவரிடம் கொடுத்து அதனால் இழப்பு வந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது உங்கள் பொறுப்பு. அதனால் முதலில் ஓட வேண்டிய இடம் வங்கி இல்லை. பிளே ஸ்டோரில் ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து, பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டான் என்று உண்மையைச் சொல்லி ரீஃபண்ட் கேளுங்கள். 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம். பாஸ்புக் போட மூன்று மாதம் கழித்து வருகிறவர்களுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டிருக்கும். டெலிகிராமில் யாரோ பாதி விலைக்கு டைமண்ட் தருகிறேன் என்று ஓடிபி வாங்கி ஏமாற்றியிருந்தால் மட்டும் கதை வேறு, அது மோசடி. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது, யுபிஐ செயலியில் ஆட்டோ-பே பகுதியைத் திறந்து பார்ப்பது. மாதச் சந்தாவுக்கு ஒருமுறை பின் போட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதன் பிறகு ஒவ்வொரு தவணையும் 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே போகும். தெரியாத பெயர் எதுவும் இருந்தால் ரத்து செய்யுங்கள். யுபிஐ லைட்டும் அப்படித்தான், சின்னத் தொகைக்குப் பின் நம்பர் கேட்காது, பிள்ளை தொடும் போனில் அது வேண்டாம். பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்க்கும்படி வைக்கலாம். ஆனால் அந்தப் போனில் பிள்ளையின் விரல் ரேகையும் பதிவாகியிருந்தால் அந்தப் பூட்டால் பயனில்லை, இதைப் பலரும் கவனிப்பதே இல்லை.

போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்ல மாட்டேன், பாடமும் அதில்தான் வருகிறது. பிரிக்க வேண்டியது பணம் போகும் வழியை. 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, 10 வயது நிரம்பிய பிள்ளைகள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம், எவ்வளவு தொகை வரை என்பதை வங்கி முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் இருப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. மாதம் 300 ரூபாய் போடுங்கள், அதை அவன் டைமண்ட் வாங்கிக் காலி பண்ணினால் பண்ணட்டும், அடுத்த மாதம்வரை காத்திருக்கட்டும். கடைக்கு அனுப்ப வேண்டுமென்றால் யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. பிள்ளை ஸ்கேன் பண்ணுவான், ஒப்புதல் கேட்டு உங்கள் போனுக்கு வரும், பின் போடுவது நீங்கள். வீட்டுக் கணக்கின் பின் நம்பரை இன்றே மாற்றிவிடுங்கள், புது நம்பரை நீங்களே யோசித்து வையுங்கள்.

அப்புறம், கணக்கோடு இணைந்த மொபைல் நம்பர் பிள்ளை கையில் இருக்கும் போனுடையது என்றால், வேறு நம்பருக்கு மாற்ற பாஸ்புக், ஆதாரோடு கிளைக்கு வாருங்கள். ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும்தான், நிரப்பத் தெரியாவிட்டால் நாங்களே நிரப்பித் தருகிறோம்.