ஸ்கேலப்: இரண்டு சாலுக்கு நடுவே நிற்கும் முகடு

கணினி வகுத்த பாதையில் கட்டரை ஓட்டி மரம் வெட்டும் மிஷினான சிஎன்சி ரூட்டரில் வளைந்த வடிவம் ஒன்றை வெட்டி எடுத்துக் கையால் தடவினால், நெருக்கமாக ஓடும் மெல்லிய வரிகள் விரலில் தட்டும். பட்டறையில் இதை "கோடு விழுது" என்பார்கள். இதன் தொழில்நுட்பப் பெயர் ஸ்கேலப்.

பழைய பிரெஞ்சு மொழியில் 'எஸ்கலோப்' என்றால் ஓடு, சிப்பி. ஆங்கிலத்தில் அது விசிறி போல விரிந்த ஒருவகைக் கடற்சிப்பியின் பெயராயிற்று. அந்தச் சிப்பியின் விளிம்பு சின்னச் சின்ன வளைவுகளாக இருப்பதால், அப்படித் தைக்கும் துணிக்கரைக்கும் அதே பெயர் வந்தது. தையற்காரர்கள் சொல்லும் 'ஸ்கேலப் பார்டர்' இதுதான். அந்தக் கரை கீழே தொங்கும்படி துணியைப் பிடித்து, விளிம்புக் கோட்டை மட்டும் பாருங்கள்: குழிவான வளைவுகள் வரிசையாக வந்து, இரண்டு வளைவு சேரும் இடமெல்லாம் கூராக மேலே நிற்கும். பால் நோஸ் எனும் உருண்டை முனைக் கட்டர் வெட்டிய பரப்பின் குறுக்குத் தோற்றம் அதுவே.

கட்டரின் முனை உருண்டை. அது ஒருமுறை ஓடினால் ஒரு வாய்க்கால். சற்றுத் தள்ளி மறுமுறை ஓடினால் இன்னொன்று. நடுவில் எந்த ஓட்டமும் தொடாத கொஞ்சம் மரம் மிஞ்சும். ஆகவே இந்தக் கோட்டுக்கு மிஷினின் நடுக்கமோ கட்டரின் மழுங்கலோ காரணமாக இருக்கவேண்டியதில்லை. புதுக் கட்டர், அசையாத மிஷின் என்றாலும் ஸ்கேலப் இருக்கும்.

எவ்வளவு உயரம் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். ஓட்டங்களுக்கு இடையிலான தூரத்தை (ஸ்டெப் ஓவர்) அதே எண்ணால் பெருக்கி, கட்டர் விட்டத்தின் 4 மடங்கால் வகுத்தால் போதும். 6 மி.மீ. கட்டரில் 1.2 மி.மீ. இடைவெளி வைத்தால் உயரம் 0.06 மி.மீ.; 0.6 வைத்தால் 0.015. இடைவெளி பாதியானால் உயரம் கால்பங்கு ஆகிறது, நேரமோ இரட்டிப்புதான். அதே 0.6 இடைவெளியை 3 மி.மீ. கட்டரில் வைத்தால் உயரம் 0.03. எனவே நுணுக்கமான வளைவு இல்லாத இடத்தில் பெரிய கட்டரையே போடுங்கள். சின்னக் கட்டர்தான் வழவழப்பு தரும் என்று பலர் நம்புகிறார்கள். இங்கே அது தவறு.

இந்தக் கணக்கு சமதளத்துக்கு. சரிவில் மாறும். அரைக்கோளம் ஒன்றை ஒரே திசையில் இணைகோடுகளாக வெட்டினால், எதிரெதிரான இரண்டு பக்கத்தில் கோடு தடித்தும் மற்ற இரண்டு பக்கத்தில் வழவழப்பாகவும் இருக்கும். மேலிருந்து பார்த்து அளந்த இடைவெளி, கோட்டுக்குக் குறுக்கே சரியும் பரப்பில் நீண்டுவிடுகிறது. 60 பாகைச் சரிவில் அது இரட்டிப்பாகி, உயரம் ஏறக்குறைய 4 மடங்காகும். அதே பரப்பில் 90 பாகை திருப்பி இன்னொரு ஓட்டம் விட்டால் இது தீரும். இல்லையென்றால் பரப்பின் மேலேயே இடைவெளியைச் சமமாக அளக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டரின் பாதையை வகுத்துத் தரும் ஃபியூஷன் மென்பொருளில் அந்த முறைக்கும் 'ஸ்கேலப்' என்றே பெயர்! ஒரு குறைக்கும், அதைத் தீர்க்கும் வழிக்கும் ஒரே சொல் இருப்பதால் புதிதாகக் கற்பவர்கள் குழம்பிப்போகிறார்கள். நமக்குத் தனிச்சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

'சிப்பி உயரம்' என்று நேராக மொழிபெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது. 'வரப்பு' நல்ல சொல், ஆனால் வரப்பு மண்ணை அணைத்துக் கட்டுவது, அதன் தலையும் தட்டை. எனக்குப் பொருத்தமாகப் படுவது முகடு. கூரை முகடு என்கிறோமே, இரண்டு சரிவு வந்து சேரும் உச்சிக்கோடு, ஸ்கேலப்பும் அதேதான். பள்ளிப் பாடநூல் அலையின் மேட்டையும் பள்ளத்தையும் முகடு, அகடு என்றே சொல்லித் தருவதால் சொல்லும் புதிதல்ல. கட்டரின் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் உழவர் சொல்லான 'சால்' இருக்கிறது. ஆக, ஸ்டெப் ஓவர் என்பது சால் இடைவெளி, ஸ்கேலப்பின் உயரம் முகட்டு உயரம். மேலே சொன்ன கணக்கை இந்தச் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்: சால் நெருங்கினால் முகடு தாழும்.