கப்பல் 7 நாள் லேட், வேலை மட்டும் 2 நாள்தான் தள்ளுகிறது: எப்படி?

தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு எரெக்‌ஷன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மணலியில் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து கம்ப்ரசர் வருகிறது, அதைக் கொண்டுபோய் அஸ்திவாரத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவது இவர்கள் பொறுப்பு. இந்த ஒரு வேலைக்குள் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கு அலையும் கிளியரிங் ஏஜென்ட், டிரெய்லர்காரர், கிரேன் வாடகைக்கு விடுபவர், கான்கிரீட் போடும் மேஸ்திரி, பில் போடும் அக்கவுண்டன்ட் என்று அத்தனை பேர் இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு தேதி இருக்கும், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாது. எக்செல்லில் 12, சூப்பர்வைசரின் போன் காலண்டரில் 14, வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்ட "16 தான் சார்", அதுவும் குட் மார்னிங் படங்களுக்கு அடியில் எங்கேயோ.

மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் வொர்க்ஸ்பேஸ் மாதிரியான தொகுப்புகளில் பணிப் பட்டியல், காலண்டர், மெயில், ஷீட் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டலாம் என்கிறார்கள். உள்ளே நடப்பது பெரிய மாயமில்லை. உண்மையான தேதி ஒரே இடத்தில்தான் இருக்கும், மற்ற இடங்களில் இருப்பவை அதன் நிழல்கள். ஒவ்வொரு பணிக்கும் மாறாத ஓர் அடையாள எண் உண்டு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் காலண்டரில் இருக்கும் நிழல் எந்தப் பணிக்கு உரியது என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது.

தேதி மாறினால் என்ன ஆகும் என்ற கணக்கு இதைவிடப் பழையது. 1957-ல் டியூபாண்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் ரசாயன ஆலைகளின் கட்டுமான, பராமரிப்பு வேலைகளைத் திட்டமிட இதை உருவாக்கினார்கள். கிரிட்டிகல் பாத் முறை என்று பெயர்: எந்த வேலை வரிசை மொத்தத்தில் அதிக நாள் பிடிக்கிறதோ, அதுதான் முடிவுத் தேதியைத் தீர்மானிக்கும். மணலியில் ஷட்டவுன் வேலை (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) பார்த்தவர்களுக்கு இது எதற்காகப் பிறந்தது என்று சொல்லவே வேண்டாம்.

நம் கம்ப்ரசரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அஸ்திவாரம்: குழி தோண்டிக் கம்பி கட்ட 6 நாள், கான்கிரீட் போட 1, அது இறுக 28, ஆக 35. இன்னொரு பக்கம் மெஷின்: கப்பல் பயணம் 24, துறைமுகமும் கஸ்டம்ஸும் 5, டிரெய்லரில் மணலி வர 1, ஆக 30. இரண்டும் முடிந்த பிறகுதான் கிரேன் தேவை. அதாவது கிரேன் வரும் நாளை முடிவு செய்வது கான்கிரீட், கப்பலுக்கு 5 நாள் சலுகை இருக்கிறது. கப்பல் 3 நாள் லேட் என்றால் கிரேன்காரருக்குப் போனே போட வேண்டாம். 7 நாள் லேட் என்றால் மெஷின் பக்கம் 37 ஆகிறது, வேலை 2 நாள் தள்ளுகிறது. அத்தோடு இன்னொன்றும் நடக்கிறது: இப்போது இழுப்பது கப்பல் பக்கம், எனவே மேஸ்திரியை விரட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை, கிளியரிங் ஆளைத்தான் பிடிக்க வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தலை மென்பொருள் நொடியில் போட்டுவிடும். ஆனால் 28 நாள் முழுக்கக் காத்திருக்கத்தான் வேண்டுமா, கான்கிரீட் அதற்கு முன்பே போதுமான வலு பெற்றுவிட்டதா என்பதை க்யூப் டெஸ்ட் (அதே கான்கிரீட்டில் வார்த்த கட்டியை நசுக்கிச் சோதிப்பது) பார்த்து எஞ்சினியர்தான் சொல்ல வேண்டும், அதற்கு ஆப் கிடையாது.

சரி, கணக்குப் போட்டாயிற்று, புதுத் தேதி கிரேன் புக்கிங் ஷீட்டுக்கு எப்படிப் போகிறது? இரண்டு வழி உண்டு. முதல் வழியில் ஷீட் சில நிமிடத்துக்கு ஒருமுறை "ஏதாவது மாறியதா?" என்று பணிப் பட்டியலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். காசிமேட்டில் லாஞ்ச் வந்ததா என்று அரை மணிக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பது போலத்தான், முக்கால்வாசி நடை வீண். இரண்டாவது வழி வெப்ஹுக்: என் முகவரியை வாங்கிக்கொள், மாறினால் நீயே சொல்லியனுப்பு. மாறிய கணத்தில் பணிப் பட்டியல் அந்த முகவரிக்குச் செய்தி அனுப்பும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தி கிடைத்தது என்று எதிர்ப்பக்கம் பதில் சொல்லாவிட்டால் பல மென்பொருள்கள் அதையே மறுபடி அனுப்பும். செய்தி முன்பே போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் நெட் மந்தத்தில் தொலைந்திருந்தால்? ஒரே செய்தி இரண்டு தரம், இரண்டு கிரேன் புக்கிங். அதனால் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுப்பார்கள், அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் வாங்குபவர் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட வேண்டும். இணைப்பை நீங்களே கட்டுவதாக இருந்தால் முதலில் இதைச் சோதித்துப் பாருங்கள்.

காலண்டர் உலகில் இதே யோசனை 1998-லேயே ஐகேலண்டர் தரமாக வந்துவிட்டது, 2009-ல் ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணமாகப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் அடையாள எண், கூடவே திருத்த எண். தேதி தள்ளும்போது அடையாளம் அப்படியே இருக்கும், திருத்த எண் மட்டும் ஏறும், அதைப் பார்த்து உங்கள் போன் பழையதை அழித்துப் புதியதை வைத்துக்கொள்ளும். அப்புறம் ஏன் சூப்பர்வைசர் போனில் ஒரே வேலை இரண்டு தேதியில் நிற்கிறது? அவர் அழைப்பை ஏற்றதோடு நிற்காமல் கையாலும் ஒருமுறை அடித்து வைத்திருப்பார். கையால் அடித்ததற்கு வேறு அடையாள எண், அது ஒட்டாது.

மென்பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைய உங்கள் பாஸ்வேர்டைக் கேட்பதில்லை. 2012-ல் தரமான ஓஆத் 2.0 முறைப்படி, காலண்டரை மட்டும் படிக்கலாம், மெயிலைத் தொடக் கூடாது என்கிற அளவில் ஒரு டோக்கன், அதாவது டிஜிட்டல் அனுமதிச் சீட்டு, கொடுக்கப்படும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் சின்னக் கம்பெனிகளில் இணைப்பு அறுந்துபோவதும் பெரும்பாலும் இங்கேதான் என்பேன். எல்லாவற்றையும் தன் கணக்கில் இணைத்த பையன் வேலையை விட்டுப் போவான், அவன் கணக்கை மூடுவார்கள், டோக்கன் செத்துவிடும். பெரிய எச்சரிக்கை எதுவும் வராது, தேதிகள் நகர்வது நின்றுவிடும், அவ்வளவுதான். ஆரம்பத்திலேயே கம்பெனி பேரில் தனிக் கணக்கு போட்டு அதில் இணைப்பது நல்லது.

டிரெய்லர் டிரைவர் உங்கள் பணிப் பட்டியலைத் திறந்து பார்க்கப்போவதில்லை. அவருக்கு வாட்ஸ்அப்தான். பிசினஸ் கணக்கு வழியாகத் தானியங்கிச் செய்தி அனுப்பலாம், ஆனால் அவர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால் முன்பே அனுமதி வாங்கிய மாதிரிச் செய்தி மட்டும்தான் போகும். அதில் "கிளம்பிட்டேன்", "லேட் ஆகும்" என்று பட்டன் வைத்தால் அவர் தட்டியதும் பதில் நேராகப் பட்டியலில் போய் உட்காரும். அவரோ பட்டனைத் தொடாமல் "சார், ஜீரோ கேட்டாண்ட லைன் நிக்குது, நைட் ஆவும்" என்று வாய்ஸ் நோட்தான் போடுவார் (ஜீரோ கேட் என்பது துறைமுகத்தின் ஒரு வாசல்). அதைக் கேட்டுவிட்டு டிரெய்லர் தேதியை மாற்ற ஆபீஸில் ஓர் ஆள் வேண்டும், மாற்றுவது ஒரே இடத்தில்தான்.