பழம் எடுப்பதா, காயைக் காப்பதா? பேக்கேமனின் கடைசிக் கட்டக் கணக்கு

இருவர் இரு பகடைகளை உருட்டி ஆடும் பலகை ஆட்டமான பேக்கேமனில் நம் 15 காய்களும் நம் வீட்டின் 6 முனைகளுக்குள் (முனை என்பது காய் நிற்கும் முக்கோணக் கட்டம்) வந்துவிட்டால், அவற்றை வெளியே எடுக்கத் தொடங்கலாம். தாயத்தில் பழம் எடுப்பது போலத்தான். எதிரியின் காய் எதுவும் பின்னால் இல்லையென்றால் இது வெறும் ஓட்டம். எதிரி நம் 1-ஆம் முனையில் இரண்டு காய்களை வைத்துக்கொண்டு காத்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். நாம் தனியாக விட்ட காயை அவர் வெட்டினால், அது அவர் வீட்டில் நுழைந்து பலகை முழுவதும் சுற்றி வர வேண்டும்.

ஒரு நிலையைப் பார்ப்போம். 8 காய்கள் வெளியே போய்விட்டன. மீதி 7: 4-ஆம் முனையில் 2, 3-இல் 2, 2-இல் 3. பகடையில் 2-1 விழுகிறது.

பத்திரமான ஆட்டம்: 4-இல் உள்ள இரண்டையும் இறக்கி, ஒன்றை 3-லும் ஒன்றை 2-லும் வைப்பது. தனிக்காய் இல்லை, பழமும் இல்லை. துணிந்த ஆட்டம்: 2-இலிருந்து ஒரு காயை வெளியே எடுத்து, 1-க்கு 4-இலிருந்து ஒன்றை 3-க்கு இறக்குவது. 4-இல் ஒரு காய் தனியாக நிற்கும்.

அந்தக் காய் எதிரியிடமிருந்து 3 முனை தூரத்தில் இருக்கிறது. திறந்த பலகையில் இந்தத் தூரத்தை 36-இல் 14 வீச்சுகள் வெட்டும்: 3 உள்ள 11 வீச்சுகள், இரு விதமாக விழும் 2-1, இரட்டை என்பதால் நான்கு முறை நகரக்கூடிய ஒரு 1-1. இங்கே நம் காய்கள் சேர்ந்து நிற்கும் 2, 3-ஆம் முனைகளில் அவர் இறங்க முடியாமல் வழி அடைபடுவதால் மிஞ்சுவது 11 மட்டுமே. அப்படியும் 30 விழுக்காட்டுக்கு மேல்.

துணிந்தால் கிடைப்பது என்ன? 6 காய் மீதியென்றால், இரட்டை விழாவிட்டால் 3 வீச்சு. 7 என்றால் 4. ஒரு முழு வீச்சு மிச்சம். எதிரி ஒரு காய்கூட எடுக்காமல் தோற்றால் அது 'கேமன்', நமக்கு இரட்டைப் புள்ளி. ஆனால் அவருடைய பின்காய் இரண்டும் தலா 18 முனை நடந்து வீடு சேர வேண்டும், பிறகு ஒன்றை எடுக்க வேண்டும்: குறைந்தது 37. சராசரி வீச்சு 8-க்குச் சற்று மேல். பத்திரமாக ஆடினால் அவருக்குக் கிடைப்பது 4 முறை, சுமார் 33. பெரிய இரட்டைகள் விழாவிட்டால் கேமன் பெரும்பாலும் நமக்கே. அதனால் இங்கே துணிவு வீண். வெட்டுப்பட்டுத் தோற்றால் +2 போய் -1 வரும், 3 புள்ளி நட்டம்.

கேமன் கைக்கு எட்டாமல், சாதா வெற்றி உறுதியாக இருக்கும் நிலைக்கு விலை வேறு. அங்கே கேமன் தருவது கூடுதலாக 1 புள்ளி. தோல்வி பறிப்பது 2. தோல்வி வாய்ப்பு 15 விழுக்காடு கூடுமானால், கேமன் வாய்ப்பு 30-க்கு மேல் கூட வேண்டும். போட்டியில் ஒரே புள்ளி தேவைப்படும்போது கேமனுக்கு மதிப்பே இல்லை.

பத்திரமான ஆட்டத்திலும் ஒரு குறை உண்டு. இப்போது 3-இல் 3 காய், 2-இல் 4. மேல் முனையில் ஒற்றைப்படை. 6-5 விழுந்தால் 3-இலிருந்து இரண்டு காய் போய் ஒன்று தனிக்கும். இப்படித் தனிக்காயை விடும் வீச்சுகள் 36-இல் 20. அதை வெட்டும் வாய்ப்பு மறுபடி 11/36. இரண்டையும் பெருக்கினால் சுமார் 17 விழுக்காடு, இப்போதே துணிவதில் உள்ளதைவிட ஏறக்குறைய பாதி. தள்ளிப்போடுவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பின்காய்களை நகர்த்தாமல் காத்திருக்க வேண்டுமானால், எதிரி ஒவ்வொரு வீச்சையும் தன் வீட்டுக் காய்களாலேயே ஆட வேண்டும். அவருடைய 6, 5-ஆம் முனைகள் கலைந்து காய்கள் கீழே குவியும். பிறகு அவர் வெட்டினாலும், நம் காய் நுழைந்து தப்ப வழி திறந்திருக்கும்.