வெளிறிய வைன் எல்லாம் பழுதில்லை

லீவுக்கு பிரான்ஸிலும் சுவிஸிலும் இருந்து வரும் உறவுகள் முன்பெல்லாம் விஸ்கிதான் கொண்டுவருவார்கள். இப்போது சிலரின் பெட்டியில் வைன் போத்தலும் இருக்கிறது. அதிலும் அபூர்வமாக, அந்த நாடுகளிலேயே பலர் கேள்விப்படாத பழைய சிவப்புத் திராட்சை இனங்கள் வந்து சேரும்: பூல்சார், துரூசோ, மொந்தூஸ், கொர்னலின். கிளிநொச்சியில் ஹோட்டல் வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற எனக்கு அப்படி ஒரு போத்தல் கிடைத்தால் கொண்டாட்டம். வீடுகளில் நடப்பது வேறு. ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது பழுதாப் போச்சு" என்று கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அது பழுதாகியிருக்காது. கிறிஸ்மஸுக்குச் சீனி போட்டு வீட்டில் செய்கிற வைனில் பழகிய நாக்கு, புளிப்பைக் கண்டதும் மிரளுகிறது, அவ்வளவுதான். பிரான்ஸின் ஜூரா பகுதிப் பூல்சாருக்குத் தோல் மிக மெல்லியது. கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். அது அந்த இனத்தின் குணம், கலப்படம் அல்ல.

இந்தப் பழைய இனங்கள் அருகிப்போனது சுவை குறைந்ததால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காரணம் வேறு. 1860களில் அமெரிக்காவிலிருந்து போய்ச் சேர்ந்த பிலொக்செரா என்ற சிறு பூச்சி, பிரான்ஸின் திராட்சை வேர்களை அழித்தது. அமெரிக்கத் திராட்சை வேரில் ஒட்டு வைத்துத்தான் தோட்டங்களை மீட்டார்கள். நாங்கள் ஒட்டுமாங்கன்று செய்கிற அதே வேலை. திரும்ப நடும்போது எல்லா இனத்தையும் யார் நடுவார்? நன்றாகக் காய்ப்பதையும் நேரத்துக்குப் பழுப்பதையும் நட்டார்கள். பூ உதிர்ந்து விளைச்சல் குறைகிற கார்மெனேர் என்ற இனம், பிரான்ஸின் போர்தோ பகுதியில் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. 1994இல் சிலியில், மெர்லோ என்ற வேறு இனம் என்று நம்பி வளர்த்த தோட்டங்களுக்குள் அதை அடையாளம் கண்டார்கள். உலகம் முழுக்க விற்கிற சிரா என்ற திராட்சையின் தகப்பனும் துரேசா என்ற, யாரும் தேடாத ஒரு கறுப்புத் திராட்சைதான்.

சரி, எப்படிச் சுவைப்பது? வகுப்பில் போத்தலைத் திறக்கும் முன் இரண்டு தட்டுகளைச் சுற்றவிடுவேன். ஒன்றில் இடித்த மிளகு, மற்றதில் கழுவி நறுக்கிய கோரைக்கிழங்கு. வயலில் பிடுங்கிப் பிடுங்கிக் கை ஓய்ந்த அதே கோரைதான். பிரான்ஸின் சாவோய்ப் பகுதி மொந்தூஸில் வரும் மிளகு வாசத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். சிரா வைனிலும் மிளகிலும் அது இருப்பதை 2008இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் அதற்கு எவ்வளவோ முன்பே அதைப் பிரித்தெடுத்தது கோரைக்கிழங்கிலிருந்து! ஒருமுறை ஒரு பிள்ளை கிளாஸைத் திரும்பத் திரும்ப மணந்துவிட்டு, "சேர், எனக்கு ஒண்டும் மணக்கேல்ல" என்றாள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் தெரியவே தெரியாது. மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. அவளிடம் துவர்ப்பைக் கேட்டேன். "நாவற்பழம் திண்ட மாதிரி, ஆனா முரசில மட்டும்" என்றாள். இதைவிட நல்ல குறிப்பைப் பல வருடம் வேலை செய்த வெயிட்டரிடமும் நான் கேட்டதில்லை.

பிள்ளைகள் சுவைத்ததைத் துப்பிவிடுவார்கள். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மணப்பது மட்டும்தான். 'சிவப்பு வைன் இதயத்துக்கு மருந்து' என்று சொல்லிக் கொடுக்கிற மாமாமாரை நம்பவேண்டாம். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023இல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

பெரிய பிழை வெப்பத்தில் நடக்கிறது. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பரிமாறு என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவின் குளிர்ந்த கல்வீடு, 16, 18 பாகை. எங்கள் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் 33ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் மதுசாரம் மட்டும் மூக்கில் ஏறும், மற்ற வாசமெல்லாம் அடிபட்டுப் போகும். பூல்சார் மாதிரி மெல்லிய வைனுக்கு 12 முதல் 14 பாகை போதும். பிரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம், அவசரமென்றால் ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் இருபது நிமிடம்.

உண்மையாகவே பழுதான போத்தலும் வரும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியின் பின்பக்கத்தில் வெயில் குடித்துவந்த போத்தலில் தக்கை சற்று மேலே தள்ளியிருக்கும், கழுத்து பிசுபிசுக்கும், உள்ளே வேகவைத்த பழ வாசம். ஈரமான காட்போட் மட்டை மணம் வந்தால் தக்கையில் கோளாறு. வினாகிரி மணத்தைச் சொல்லவே தேவையில்லை. இந்த மூன்றும் இல்லையென்றால் வாழைக்கு ஊற்றாதீர்கள்.

சாப்பாட்டோடு என்றால், உறைப்பான ஆட்டிறைச்சிக் கறிக்குத் தன்னா என்ற துவர்ப்புக் கூடிய சிவப்பு இனம் வேண்டாம், மிளகாய் இன்னும் எரியும். குளிரவைத்த பூல்சாரை விரால் குழம்போடு வைத்துப் பாருங்கள். மிஞ்சினால் தக்கையை அடைத்து பிரிட்ஜில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும்.